கோட்இக்னைட்டரும் டிசி புத்தகமும்



பனியன் கம்பெனி நடத்துகிறவர்கள், அவர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறவர்கள், அந்த வேலைக்கு வரப்போகிற மாணவர்கள் எல்லோரும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். அதனால் மூன்று தரப்பையும் தொடுகிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். பத்து வருடத்துக்கு முன்னால் பிஹெச்பியில், கோட்இக்னைட்டர் என்ற ஃபிரேம்வொர்க்கை வைத்து எழுதிய மென்பொருள் ஒன்று உங்கள் அலுவலகத்தில் இன்றும் ஓடுகிறது. நூல் வரவு, நிட்டிங் டிசி (டெலிவரி சலான்), சாயப்பட்டறைக் கணக்கு, பீஸ் ரேட் கூலி எல்லாம் அதில்தான். இப்போது ஒருவர் வந்து, "இது ரொம்பப் பழசுங்க, தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிரலாம்" என்கிறார். தூக்கிப் போடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. அந்த மென்பொருளுக்குள் உங்கள் தொழிலின் விதிகள் எந்த இடத்தில் எழுதியிருக்கின்றன, அவற்றை இன்று வாசித்துப் புரிந்துகொள்ள ஆள் இருக்கிறாரா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விதிகள் ஒரே இடத்தில் இருந்தால் பழைய மென்பொருளை இன்னும் பல வருடம் நடத்தலாம், நிதானமாக மாற்றவும் செய்யலாம். விதிகள் எல்லாத் திரைகளிலும் சிதறிக் கிடந்தால், போன வருடம் எழுதிய மென்பொருளாக இருந்தாலும் அது ஏற்கெனவே பழசுதான்.

கோட்இக்னைட்டர் வெளிவந்தது 2006 பிப்ரவரி 28. ரிக் எல்லிஸ் என்பவரின் எல்லிஸ்லேப் நிறுவனம், தான் விற்றுவந்த எக்ஸ்பிரஷன்எஞ்சின் என்ற மென்பொருளுக்காக எழுதிய பகுதிகளைச் சீர்படுத்தி, இலவசமாக வெளியிட்டது. ரூபி ஆன் ரெயில்ஸ் 2004-இல் வந்திருந்தது, பைத்தானில் ஜாங்கோ 2005-இல். எல்லோரும் ஃபிரேம்வொர்க் என்று பேசத் தொடங்கிய காலம் அது. திருப்பூருக்கும் அது முக்கியமான காலம். 2005 ஜனவரி 1-இல் உலக ஜவுளி வர்த்தகத்தில் கோட்டா முறை முடிவுக்கு வந்தது. ஆர்டர்கள் பெருகின. ஒரு ஆர்டருக்குப் பத்து ஜாப் ஒர்க் கம்பெனிகள் வேலை செய்ய, எந்த ரோல் யாரிடம் இருக்கிறது என்று நோட்டுப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாத நிலை வந்தது.

ரெயில்ஸையோ ஜாவாவையோ ஓட்ட அன்று தனி சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் வேண்டும். பிஹெச்பிக்கு மாத வாடகைக்குக் கிடைக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கே போதும். கோட்இக்னைட்டரை நிறுவ கமாண்ட் லைன்கூடத் தேவையில்லை. ஜிப் கோப்பை இறக்கி, விரித்து, எஃப்டிபியில் ஏற்றினால் ஓடும். பயனர் கையேடு முழுவதும் அந்த ஜிப்புக்குள்ளேயே வந்தது, இணையம் இல்லாத நேரத்திலும் படிக்கலாம். கையேடும் தெளிவாக எழுதப்பட்ட ஒன்று. நம் பகுதிக் கல்லூரிகளில் இருந்து வெளிவந்த பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களிலேயே அதை வைத்துத் திரை போடக் கற்றுக்கொண்டார்கள் என்றால், அந்தக் கையேட்டுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. பிஹெச்பியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் பொதுவாக ஃபிரேம்வொர்க்குகளை விரும்பாதவர். அவரே 2008-இல் ஒரு மாநாட்டில், வேகமும் எடைக்குறைவும் கொண்டது, ஃபிரேம்வொர்க் மாதிரியே இல்லாதது என்று கோட்இக்னைட்டரைப் பாராட்டினார்.

அதன் அமைப்பைத் தனியாக விளக்கினால் மனதில் நிற்காது. ஒரு நிட்டிங் டிசியை எடுத்துக்கொண்டு, அது உள்ளே போகும் வழியிலேயே நாமும் போகலாம்.

நூல் குடோனில் இருக்கிறவர் திரையில் கவுண்ட், லாட் எண், எத்தனை பை, எத்தனை கிலோ, எந்த நிட்டிங் கம்பெனிக்கு, என்ன டயா, என்ன ஜிஎஸ்எம் என்று நிரப்பி 'சேமி' அழுத்துகிறார். அந்தக் கோரிக்கை முதலில் வந்து நிற்கும் இடம் இண்டெக்ஸ் டாட் பிஹெச்பி என்ற ஒரே ஒரு கோப்பு. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி நோட்டில் பதியாமல் ஒரு ரோல் துணி உள்ளே வராது அல்லவா, அதுபோல எந்தத் திரையில் இருந்து எது வந்தாலும் இந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும். ஃபிரேம்வொர்க் வருவதற்கு முன் எழுதிய பிஹெச்பி மென்பொருள்களில் திரைக்கு ஒரு கோப்பு இருக்கும். ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாக லாகின் சரிபார்க்கும், ஏதாவது ஒன்று மறந்துவிடும். ஒரே வாசல் என்று வைத்ததும் அந்தச் சரிபார்ப்பை ஒரே இடத்தில் வைக்க வழி கிடைத்தது.

வாசலைத் தாண்டியதும் ரவுட்டர் இணைய முகவரியைத் துண்டு துண்டாகப் பார்க்கிறது. முதல் துண்டு கன்ட்ரோலரின் பெயர், அடுத்தது அதற்குள் இருக்கும் செயல், அதற்கடுத்து டிசி எண் போன்ற விவரம். இதைத் தெரிந்துவைத்தால், திரையில் பிழை வந்ததும் முகவரியைப் பார்த்தே எந்தக் கோப்பின் எந்தப் பகுதியைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். இருபது வருடம் கழித்தும் நான் இந்த ஃபிரேம்வொர்க்கை மதிப்பதற்கு இது ஒரு காரணம். மறைவாக எதுவும் நடப்பதில்லை.

கன்ட்ரோலர் படிவத்தில் வந்ததை வாங்கிச் சரிபார்க்கிறது, மாடலிடம் கொடுக்கிறது. மாடல் டேட்டாபேஸோடு பேசுகிறது. பதிலை வியூ திரையாகவோ, அச்சிடும் டிசியாகவோ வடிவமைக்கிறது. இந்த மூன்று பிரிவு கோட்இக்னைட்டர் கண்டுபிடித்தது கிடையாது. 1979-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில், டிரிக்வே ரீன்ஸ்காக் என்ற நார்வேக்காரர் எழுதி வைத்தது. அவர் அதற்கு முன் கப்பல் கட்டும் தளங்களுக்கு மென்பொருள் எழுதியவர். முதல் குறிப்பில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் ஒரு பெரிய வேலையைத் திட்டமிடும் மென்பொருள்தான்: எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எது தாமதமானால் எது நிற்கும். ஷிப்மென்ட் தேதியை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடும் நம் மெர்ச்சண்டைசர்களின் பிரச்சினையும் அதுவேதான்.

இப்போது மாடலுக்குள் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும். திருப்பூர் தொழில் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு டிசியைச் சேமிப்பது என்றால் நாலு காரியம் ஒன்றாக நடக்க வேண்டும். டிசியின் தலைப்பு பதிவாக வேண்டும். அதற்குக் கீழே ஒவ்வொரு பையும் பதிவாக வேண்டும். குடோன் இருப்பில் நூல் குறைய வேண்டும். நிட்டிங்காரர் கணக்கில் அதே நூல் ஏற வேண்டும். மூன்றாவது நடந்து நான்காவது நடப்பதற்குள் கரண்ட் போய்விட்டால் நூல் யாரிடமும் இல்லை. இதற்காகத்தான் டிரான்சாக்‌ஷன் என்ற வசதி இருக்கிறது: நாலும் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது. கோட்இக்னைட்டரில் அதற்குத் தொடக்கத்தில் ஒரு வரி, முடிவில் ஒரு வரி போதும். ஆனால் கீழே இருக்கும் மைஎஸ்கியூஎல் டேபிள் மைஐசாம் வகையாக இருந்தால் அந்த இரண்டு வரியும் எந்த வேலையும் செய்யாது. 2010-இல் வந்த 5.5 பதிப்பில் இருந்துதான் இன்னோடிபி இயல்பான வகையாக ஆனது. அதற்கு முன் உருவாக்கிய டேபிள்கள் பல இடங்களில் இன்றும் அப்படியே கிடக்கின்றன. வருடக் கடைசியில் இருப்பு ஒத்துவரவில்லை என்று ஆட்கள் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால், டேபிள் என்ன வகை என்று ஒருமுறை பாருங்கள். பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அடுத்தது எடை. நூலாகப் போனது துணியாக வரும்போது கொஞ்சம் குறையும், சாயத்துக்குப் போய் வந்தால் இன்னும் குறையும், காம்பாக்டிங்கில் அகலமும் ஜிஎஸ்எம்மும் மாறும். கட்டிங் டேபிளில் கிலோ கணக்கு முடிந்து பீஸ் கணக்கு தொடங்கும். எவ்வளவு கழிவை ஒத்துக்கொள்வது என்பது துணிக்குத் துணி, நிறத்துக்கு நிறம் வேறு, பட்டறைக்குப் பட்டறை பேச்சு வேறு. இந்த அறிவை எந்த ஃபிரேம்வொர்க்கும் கொண்டு வராது. இத்தனை வருடம் உங்கள் கம்பெனியில் நடந்த சண்டைகளும் சமாதானங்களும் சேர்ந்துதான் அந்த மாடல் கோப்புகளில் வரிகளாக உட்கார்ந்திருக்கின்றன. பழைய மென்பொருளைத் தூக்கிப் போடச் சொல்கிறவர் இதையும் சேர்த்துத்தான் போடச் சொல்கிறார். திரும்ப எழுத ஆறு மாதம் ஆகும் என்று அவர் சொல்லும் கணக்கில் இது சேர்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை.

இது எல்லாம் மாடலில் இருந்தால்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோட்இக்னைட்டரின் பெரிய சிக்கலே இங்கேதான். அதில் மாடல் கட்டாயம் இல்லை. விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் கையேடும் சொல்கிறது. எளிமை வேண்டும் என்று கொடுத்த சுதந்திரம் அது. கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு அது உதவியது. அவசரத்தில் எழுதியவர்களுக்குக் கேடாகவும் முடிந்தது. டேட்டாபேஸ் கேள்வியை நேராகக் கன்ட்ரோலரிலேயே எழுதினார்கள், சில நேரம் வியூவிலும் எழுதினார்கள். திரை வந்துவிட்டது, கம்பெனி பணம் கொடுத்துவிட்டது, யாரும் உள்ளே பார்க்கவில்லை.

அதன் விலை எப்போது தெரிந்தது? வரி விதி மாறியபோது. ஜிஎஸ்டி வந்த 2017-இல் இருந்து, ஒரு உருப்படி ஆயிரம் ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்று ஆடைக்கு இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லை 2,500 ரூபாயாக உயர்ந்தது, அதற்கு மேல் 18 சதவீதம். உள்நாட்டு விற்பனை பார்க்கும் கம்பெனிகளுக்கு, காதர்பேட்டை வியாபாரிகளுக்கு இது உடனே தேவைப்பட்ட மாற்றம். விதியை ஒரு மாடலில், தேதியோடு ஒரு டேபிளில் வைத்திருந்தவர்கள் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு மறுநாள் பில் போட்டார்கள். 1000 என்ற எண்ணைத் திரைக்குத் திரை எழுதி வைத்திருந்தவர்கள் என்ன செய்வது? தேடி மாற்றினால் அந்த எண் சில இடத்தில் வரி எல்லை, சில இடத்தில் கிலோவைக் கிராமாக்கும் பெருக்கல். இன்னொன்றும் இருக்கிறது. பழைய விகிதத்தில் போட்ட பில்லுக்குச் சரக்கு திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டும் பழைய விகிதத்தில்தான் போட வேண்டும். அதாவது பழைய விதியை அழிக்கவும் கூடாது, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை என்று அது நிற்க வேண்டும்.

மறுபக்கம் இ-இன்வாய்ஸைப் பாருங்கள். 2020 அக்டோபர் 1-இல் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டிய எல்லோருக்கும் கட்டாயமானது. பில் விவரத்தை ஜேசன் வடிவில் அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்ப வேண்டும், அது 64 எழுத்து கொண்ட ஒரு எண்ணையும் க்யூஆர் குறியீட்டையும் திருப்பித் தரும். 2015-இல் வந்த கோட்இக்னைட்டர் 3 இதை அருமையாகச் செய்கிறது. அங்கே போவதும் வருவதும் சாதாரண இணையப் பேச்சுதான், அதற்கு ஃபிரேம்வொர்க்கின் வயது ஒரு தடையே இல்லை. தடுமாறியவர்கள் யார் என்று பார்த்தால், வரி கணக்கிடும் இடமும் பில் அச்சிடும் இடமும் ஒரே கோப்பில் பின்னிக் கிடந்தவர்கள்.

வரி மட்டும் மாறுவதில்லை, வேலையின் வழியும் மாறும். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். துணி சாயத்துக்காக வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் போனது. நிட்டிங்குக்குப் பின் சாயம், சாயத்துக்குப் பின் காம்பாக்டிங் என்று வரிசையை நிரலிலேயே இறுக்கி எழுதியிருந்த எந்த மென்பொருளும் அப்படி ஒரு மாற்றத்தைத் தாங்காது. வரிசை டேட்டாவாக இருக்க வேண்டும், ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாக மாற்றக்கூடியதாக.

இதுவரை சொன்னதெல்லாம் பழைய வீட்டைக் காப்பாற்றும் பேச்சாகத் தெரியலாம். ஆனால் அந்த வீட்டின் கீழே இருக்கும் தரை நகர்கிறது, அதையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும்.

கோட்இக்னைட்டர் 3-இன் 3.1.13 பதிப்பு 2022 மார்ச்சில் வந்தது, பிஹெச்பி 8.1-ஐ மனதில் வைத்து. பிஹெச்பி 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31-உடன் நின்றன. 7.4-க்கு 2022 நவம்பரில். 8.1-க்கும் 2025 டிசம்பரோடு முடிந்தது. 8.2-இல் ஒரு நுட்பமான மாற்றம் வந்தது: ஒரு கிளாஸில் முன்கூட்டி அறிவிக்காத பண்பை ஓடும்போது ஒட்டவைப்பதைக் கைவிடும்படி எச்சரிக்கை தர ஆரம்பித்தார்கள். கோட்இக்னைட்டர் 3-இன் உயிர்நாடியே அந்த ஒட்டவைப்புதான். மாடலை லோட் செய் என்று எழுதினால், அது கன்ட்ரோலரின் மேல் ஒரு பண்பாகத் தொங்கவிடப்படும். லைப்ரரிகளும் அப்படியே. அதனால்தான் எழுதுவது அவ்வளவு எளிதாக இருந்தது. இப்போதைக்குச் சில அடிப்படை கிளாஸ்களின் தலையில் அனுமதி வரி ஒன்றைச் சேர்த்தால் எச்சரிக்கை அடங்கும், மென்பொருள் ஓடும். ஆனால் ஃபிரேம்வொர்க்கின் உள் கோப்பைத் திருத்தினால் அதன் பராமரிப்பு உங்கள் பொறுப்பாகிவிடுகிறது என்பதைத் தெரிந்தே செய்ய வேண்டும்.

"உள்ளூர் கம்பெனி, நம்மளை யாருங்க தாக்கப் போறாங்க" என்று கேட்பவர்களுக்கு ஈக்விஃபேக்ஸ் சம்பவத்தை நினைவூட்டுகிறேன். அமெரிக்காவின் பெரிய கடன் தகவல் நிறுவனம் அது. ஜாவாவின் ஸ்ட்ரட்ஸ் ஃபிரேம்வொர்க்கில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்து, 2017 மார்ச்சிலேயே திருத்தம் வெளிவந்துவிட்டது. நிறுவனம் அதைப் போடவில்லை. மே மாதம் உள்ளே வந்தவர்கள் 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். இப்படி ஓட்டை தேடும் நிரல்கள் கம்பெனியின் பெயரையோ அளவையோ பார்ப்பதில்லை, முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கின்றன. உங்கள் டேட்டாபேஸில் தொழிலாளர்களின் ஆதார், வங்கிக் கணக்கு, பிஎஃப் எண் இருக்கின்றன. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து நம்மை நம்பி வேலை செய்கிறவர்களின் விவரம் அது. பிஹெச்பி 5.6-இல் அதை வைத்திருப்பது தவறு என்று நான் உறுதியாகவே சொல்கிறேன். இன்னொன்று: கோட்இக்னைட்டர் 3-இல் சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்பு இயல்பாக அணைத்துத்தான் வரும். லாகின் செய்திருக்கும் அக்கவுண்டன்ட் வேறு ஏதோ தளத்துக்குப் போகும்போது, அந்தத் தளம் அவர் பெயரில் உங்கள் மென்பொருளுக்குள் ஒரு பதிவைப் போட முயல்வதைத் தடுப்பது அது. கான்ஃபிக் கோப்பில் அதைப் போடச் சொல்லுங்கள். போட்டதும் சில பழைய படிவங்கள் நிற்கும், அவற்றைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

இந்த ஃபிரேம்வொர்க்கின் வாழ்க்கையிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. 2013-இல் எல்லிஸ்லேப், இனி எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது, நல்ல இடம் தேடுகிறோம் என்று அறிவித்தது. 2014-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அங்கே ஜிம் பாரி என்ற ஆசிரியர் நான்காம் பதிப்பு வேலையை முன்னின்று நடத்தினார். 2020 ஜனவரியில் அவர் இறந்துபோனார். உடனிருந்த தன்னார்வலர்கள் வேலையை முடித்து, பிப்ரவரி 24 அன்று, அவருடைய பிறந்தநாளில் 4.0.0-ஐ வெளியிட்டார்கள். தலைமை தாங்கியவர் இல்லாத பிறகும் வேலை நடந்தது, ஏனென்றால் நிரல் திறந்து கிடந்தது, பலர் அதை வாசித்திருந்தார்கள். நம் ஊரிலோ, எழுதிய பையன் பெங்களூருக்குப் போய்விட்டான், சோர்ஸ் கோடு அவன் லேப்டாப்பில் என்று நிற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. மென்பொருளுக்குப் பணம் கொடுக்கும்போது சோர்ஸ் கோடும் டேட்டாபேஸ் வடிவமும் நம் கையில் வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

நான்காம் பதிப்பு முழுதாகத் திரும்ப எழுதப்பட்டது. பொதுவெளிக்குத் தெரியும் ஃபோல்டர் தனி, நிரல் தனி. ஒட்டவைப்பு போய்விட்டது. மூன்றில் இருந்து நான்குக்கு ஒரு பொத்தானில் போக முடியாது, கன்ட்ரோலர்களைத் திரும்ப எழுதத்தான் வேண்டும். லாரவேலுக்குப் போவதும் நல்ல வழியே. கோட்இக்னைட்டரில் இல்லாத லாகின் வசதி போன்றவற்றுக்காக டெய்லர் ஓட்வெல் 2011-இல் தொடங்கியது அது. இரண்டில் எதற்குப் போவது என்பதில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். உங்கள் ஆட்களுக்கு எது வாசிக்க வருகிறதோ அது.

ஆனால் மாற்றும் முறையில் பிடிவாதமாக இருப்பேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் பழைய மென்பொருளிலேயே, கன்ட்ரோலரில் கிடக்கும் விதிகளை மாடலுக்கு இழுத்து வையுங்கள். அது முடிந்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி. பிறகு அதே டேட்டாபேஸின் மேல் ரிப்போர்ட்டுகளை மட்டும் புதியதில் எழுதுங்கள், அவை படிக்க மட்டும்தான் செய்யும், எதையும் கெடுக்காது. அதன் பின் மாஸ்டர் திரைகள். ஸ்டாக்கைத் தொடும் டிசியும் கூலியும் கடைசியில், சீசன் இல்லாத மாதத்தில், பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக் கணக்கு ஒத்துவரும் வரை.

லாட் எண்ணை மட்டும் எந்தக் கட்டத்திலும் இழந்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சூழல் வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலை 18-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பொருளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கேட்கப் போகிறார்கள், முதலில் எடுத்துக்கொள்ளும் பொருள்களில் ஆடையும் இருக்கிறது. இந்த டி-ஷர்ட் எந்தத் துணியில் இருந்து, அது எந்தப் பட்டறையில், எந்த நூலில் இருந்து என்ற கேள்விக்குப் பதில் உங்கள் பழைய டேபிள்களில் இன்றே இருக்கலாம், நூல் வரவில் இருந்து கட்டிங் வரை அந்த எண் அறுபடாமல் வந்திருந்தால்.

மாணவர்களுக்கு ஒன்று. மூன்றாம் பதிப்பை இறக்கி, சிஸ்டம் ஃபோல்டருக்குள் கோர் என்ற ஃபோல்டரில் கோட்இக்னைட்டர் டாட் பிஹெச்பி என்ற கோப்பைத் திறந்து வாசியுங்கள். சில நூறு வரிகள்தான், குறிப்புகளோடு. ஒரு கோரிக்கை வந்து திரும்பும் வரை நடப்பதெல்லாம் மேலிருந்து கீழாக அப்படியே எழுதியிருக்கிறது. புதிய ஃபிரேம்வொர்க்குகளில் இதே காரியம் பல அடுக்குகளுக்குள் பரவியிருக்கும். இதை வாசித்தவர்களுக்கு அது பிடிபட நேரம் ஆகாது.

கேள்விகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். லேப்டாப்பில் உங்கள் கம்பெனி மென்பொருளைக் கொண்டு வந்திருப்பவர்கள் மாடல் ஃபோல்டரைத் திறந்து வையுங்கள். அங்கிருந்தே பேசலாம்.